ஹெல்மெட்டுக்குள் அடங்காத முடி

கும்மிடிப்பூண்டி பஜாரில் மிக்ஸி, குக்கர், இஸ்திரிப் பெட்டி விற்கிற ஒரு கடை. சனிக்கிழமை சாயங்காலம். கல்லா மேஜையின் மீது, முடியை நேராக்கும் மெஷின் ஒன்று வாயை மூடிக்கொண்டு சூடாகிக்கொண்டிருந்தது. அதன் இரண்டு தகடுகளுக்கு நடுவில் நான் ஒரு மெல்லிய ஒயரைச் செருகியிருந்தேன். ஒயரின் மறுமுனை என் கையிலிருந்த மீட்டரோடு சேர்ந்திருந்தது.

கடைக்காரர் காதர் பாய் என்னையும் மீட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, கரண்ட் ஆபீஸ்லேருந்து வந்துக்கிறியா?"

"இல்ல பாய். போன மாசம் உங்க கிட்ட வாங்கினதுதான். டப்பா மேல இருநூத்தி முப்பது டிகிரின்னு போட்டுக்குது. மீட்டரு நூத்தி எம்பத்தஞ்ச தாண்ட மாட்டேங்குது. நீங்களே பாருங்க."

"முடி நிமிருதா இல்லியான்னு பாரும்மா. டிகிரிய வெச்சிக்கினு இன்னா பண்ணப் போற?"

நியாயமான கேள்விதான். ஆனால் நான் அப்போது ஓர் இரும்பு உருக்காலையின் லேபில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். எதன் மேல் என்ன எழுதியிருந்தாலும் நம்பாதே, அளந்து பார் என்பதுதான் அங்கே எனக்குச் சம்பளமும் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பாடம்.

கடையில் இன்னும் நான்கு மெஷின்கள் இருந்தன. "ஒவ்வொண்ணா கரண்ட்ல போட்டுக் காட்டுங்க பாய்" என்றேன். அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

போன வாரம் இந்தப் பத்தியில், நான் தங்கியிருந்த ஹாஸ்டலின் சாம்பாரைப் பற்றி எழுதியதைப் படித்த வாசகி ஒருவர், சாம்பார் போதும், அந்த இரும்புக் கம்பெனியைப் பற்றி எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டிருந்தார். சொல்லிவிடுகிறேன். ஆனால் அதை என் தலையில் இருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

நடுவில் ஒரு டீ

எனக்கு அடர்த்தியான முடி. அடர்த்தி மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். அலை அலையாகவும் இருக்கும். ஒவ்வொரு முடியும் தனக்கென்று ஒரு திசை வைத்திருக்கும். திருவள்ளூர் பக்கம் எங்கள் ஊரில் நான் பள்ளிக்கூடம் போன காலத்தில், அம்மா எனக்கு இரட்டைப் பின்னல் போடுவாள். ஒரு பின்னல் முடிந்ததும் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வந்துதான் அடுத்ததைத் தொடங்குவாள்.

தலைக்குக் குளித்தால் காய ஒரு முழுப் பகல் வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் போதாது. என் ஈர முடி பட்டு, பின்பெஞ்சுப் பெண்ணின் கணக்கு நோட்டு ஊறிப்போய், இரண்டு வீட்டு அம்மாக்களும் சண்டை போட்டிருக்கிறார்கள்.

பார்க்கிறவர்கள், "இன்னா முடிம்மா, குடுத்து வெச்சவ" என்பார்கள். ஒரு வாரம் இதைச் சீவிப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நறுக்கிவிடலாமே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கல்லூரியில் ஒருமுறை தோள்வரை நறுக்கிக்கொண்டேன். நீளத்தின் கனத்தில் தொங்கிக்கொண்டிருந்தது, கனம் போனதும் எழுந்து நின்றுவிட்டது. இரண்டு மாதம் விரித்த குடையோடு நடமாடினேன். அதற்குப் பிறகு கத்தரிக்கோல் பக்கமே போகவில்லை.

குனி, ஆட்டு

எங்கள் கம்பெனியில் ஸ்க்ராப் எனப்படும் பழைய இரும்பை உருக்கிக் கட்டிகளாக வார்ப்போம். உலையை யாரும் உலை என்று சொல்ல மாட்டார்கள், ஃபர்னஸ்தான். உருகிய இரும்பில் ஒரு கரண்டி மொண்டு, சின்ன அச்சில் ஊற்றி, ஆறியதும் லேபுக்கு அனுப்புவார்கள். நான் ஏசி அறையில் உட்கார்ந்து அதில் கார்பன் எவ்வளவு, மாங்கனீஸ் எவ்வளவு என்று பார்த்துச் சொல்வேன். மூன்று வருடம் அந்தச் சாம்பிள் எனக்கு ஒரு சின்ன ஜன்னல் வழியாக வந்துகொண்டிருந்தது. ஃபர்னஸ் மேடையில் நான் ஏறியதே இல்லை. எங்கள் கம்பெனியில் எந்தப் பெண்ணும் ஏறியதில்லை.

எனக்கு ஏற வேண்டும். அந்த வெளிச்சத்தைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். நீளக் கம்பியை இரும்புக் குழம்பில் முக்கி டெம்பரேச்சர் எடுக்க வேண்டும். என் சாம்பிளை நானே மொண்டு எடுக்க வேண்டும். அவ்வளவு ஆசையாக நான் வேறு எதையும் கேட்டதில்லை. பின்னாளில் என் கல்யாணத்துக்குப் புடவை எடுத்தபோதுகூட "ஏதோ ஒண்ணு" என்றுதான் சொன்னேன்.

அந்த வருடம் மேடைக்கு ஒரு கெமிஸ்ட் தேவைப்பட்டது. போய்க் கேட்டேன். மேனேஜர் யோசித்துவிட்டு, சேஃப்டி டெஸ்டில் பாஸானால் போடலாம், மூன்று மாதம் டைம் என்றார். பாஸாகாவிட்டால் ஆபீசில் சர்ட்டிஃபிகேட் டைப் அடிக்கிற சீட்டுக்குப் போக வேண்டும். லேபில் என் இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது. ஆக, மேடை, இல்லாவிட்டால் கீபோர்டு. நடுவில் ஒன்றும் இல்லை.

டெஸ்ட் வைக்கிறவர் சேஃப்டி ஆபீசர் சௌந்தரராஜன் சார். திருவள்ளூர்க்காரர். குடும்பமே கோயில் கைங்கர்யத்தில் இருக்க, இவர் மட்டும் இரும்புக்கு வந்துவிட்டார். நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, அதற்கு மேல் வெள்ளை ஹெல்மெட். குரலை உயர்த்தவே மாட்டார். சொன்னதையும் மாற்ற மாட்டார்.

அவருடைய டெஸ்ட் எளிமையானது. பின்னல் வெளியே தொங்கக் கூடாது. ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, தாடைப் பட்டையை மாட்டாமலே, விரல் ஷூவைத் தொடும்வரை குனிய வேண்டும். குனிந்தபடியே தலையை மூன்று முறை ஆட்ட வேண்டும். பட்டை அறுந்தாலும் தலை தப்ப வேண்டும் என்பது அவர் கணக்கு.

முதல் டெஸ்டில், கழுத்துக்கு மேலே நான் போட்டிருந்த கொண்டை ஹெல்மெட்டைப் பின்னாலிருந்து தூக்கி மூக்கின் மேல் தள்ளிவிட்டது. குனிந்தேன். அது கழன்று விழுந்து, உருண்டு, பெஞ்சலய்யாவின் காலடியில் போய் நின்றது. பெஞ்சலய்யா எங்கள் ஃபர்னஸை ஓட்டுகிறவர். எளாவூர் தாண்டி ஆந்திராப் பக்கமிருந்து தினமும் ரயிலில் வருவார். ஹெல்மெட்டை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார்.

"உன் தல இங்க வந்துட்ச்சிம்மா."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஹாஸ்டலுக்குப் போய் அழுதேன்.

சௌந்தரராஜன் சார் சிரிக்கவில்லை. "முடியை ஏதாவது பண்ணிட்டு வாம்மா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறி ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன்.

"இன்னாத்துக்குடி இந்த பேஜாரு? திருத்தணில மொட்ட போட்டுக்கினா தீந்துது. முருகனுக்கும் ஆச்சி, உன் கம்பெனிக்கும் ஆச்சி."

"ரெண்டு மாசத்துல திரும்ப வளந்துடுமே."

"திரும்பப் போட்டுக்கோ. பஸ்ஸுதான் கீதே."

ஒரு பக்கம் கம்பி

ஹாஸ்டலுக்கு எதிரே ஜெயந்தி அக்காவின் பியூட்டி பார்லர். முடியை நேராக்கினால் படிந்து உட்காரும், கொண்டை பாதியாகிவிடும் என்று அவர்தான் வழி சொன்னார். என் முடியை ஒரு பிடி பிடித்துத் தூக்கிப் பார்த்துவிட்டு விதிகளையும் சொன்னார்.

"மெல்லிசு முடிக்காரிங்க வாங்குற மெஷின வாங்கிக்கினு வந்துடாத. உனக்குத் தகடு அகலமா இருக்கணும். சூட்ட ஏத்தி எறக்க திருகு இருக்கணும். முடி சொட்டு ஈரம் இல்லாம காஞ்சிருக்கணும். கொஞ்சம் கொஞ்சமா எடுத்து ஒரே இழுப்பா இழு. ஒரே எடத்துல வெச்சிக்கினு நிக்காத, கருகிடும்."

கேட்டுக்கொண்டேன். கேட்டபடி செய்யவில்லை. அறைத்தோழி சுதாவிடம் ஏற்கெனவே ஒரு மெஷின் இருக்கும்போது எதற்குப் புதிது என்று தோன்றியது. சுதாவின் மெஷினில் தகடு ஒரு விரல் அகலம். சுதாவின் முடியும் மொத்தமாக அவ்வளவுதான். விடிவதற்கு முன்பே எழுந்து இழுக்க ஆரம்பித்தேன். ஷிஃப்ட் பஸ் வந்து ஹாரன் அடிக்கும்போது இடது பக்கம் மட்டும்தான் முடிந்திருந்தது. அப்படியே ஓடினேன்.

பெஞ்சலய்யா என்னை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். "ஒரு பக்கம் கம்பி, ஒரு பக்கம் ஸ்க்ராப்பு. இது இன்னா கிரேடும்மா?"

அதற்குப் பிறகுதான் காதர் பாய் கடைக்கு முதல்முறை போனேன். அவர் எடுத்துக் காட்டியதில் தகடு அகலமாக இருந்தது, திருகும் இருந்தது. வேலை செய்வதைக் காட்டுகிறேன் என்று மகளின் பொம்மையை எடுத்து வந்து அதன் முடியை மெஷினில் வைத்து அழுத்தினார். பிளாஸ்டிக் முடி. சுருண்டு, உருகி, புகை விட்டு, தகட்டோடு ஒட்டிக்கொண்டது.

"பாத்தியாம்மா, இன்னா பவரு" என்றார்.

வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ஏன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

மூன்று நிபுணர்கள்

அந்த மெஷினில் முடி நேராகத்தான் ஆனது. அரை மணி நேரத்தில் பழையபடி சுருண்டது. கேன்டீனில் டீ குடிக்கும்போது லேப் சீனியர் தயாளன் அண்ணனிடமும் பெஞ்சலய்யாவிடமும் சொல்லிப் புலம்பினேன். இரண்டு பேரும் விஷயத்தை ரொம்பவும் அக்கறையாக எடுத்துக்கொண்டார்கள்.

"சூடு பண்ற, சரி. அப்பறம் தண்ணி அடிக்கிறியா?" என்றார் பெஞ்சலய்யா.

"இல்லியே."

"அடிக்காத எப்டிம்மா நிக்கும்?"

கட்டடம் கட்டுகிற முறுக்குக் கம்பி ரோலிங் மில்லில் இருந்து செக்கச்செவேல் என்று வெளியே வரும். வந்ததும் அதன் மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடிப்பார்கள். அப்படித் திடீரென்று குளிர வைத்தால்தான் கம்பிக்குப் பலம். இரும்போடு இருக்கிறவர்கள் இதைத் தூக்கத்தில்கூடச் சொல்வோம். முடிக்கு மட்டும் வேறு சட்டமா? தயாளன் அண்ணன் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். மூன்று பேரில் ஒருவருக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

மறுநாள் காலை முழுத் தலையையும் நேராக இழுத்து முடித்தேன். ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் வைத்திருந்த ஐஸ் தண்ணீரை, பூச்செடிக்கு அடிக்கிற பாட்டிலில் ஊற்றி, சூடு குறைவதற்குள் சுற்றிச் சுற்றி அடித்தேன். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கண்ணாடியில் என் தலை மெல்ல அகலமாக ஆரம்பித்தது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த சுதா, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஜெயந்தி அக்கா நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தண்ணி பட்டா முடிக்குப் பழைய ஞாபகம் வந்துடும்னு ஊருக்கே தெரியும். தண்ணி அடிக்கச் சொன்ன அறிவாளிங்க ஊட்ல பொம்பளைங்களே கெடையாதா?"

"அந்த மூணு பேர்ல நானே ஒரு பொம்பளதான்க்கா."

"அதான் எனக்கும் புரியல."

கேட் பாஸ்

தண்ணீர் என் தப்பு. ஆனால் தண்ணீர் அடிக்காத நாட்களிலும் அரை மணி நேரம்தானே நின்றது? மெஷினை லேபுக்கு எடுத்துப் போய் அளந்தேன். அப்போதுதான் அந்த நூற்று எண்பத்தைந்து தெரிந்தது. என் முடி மாதிரி முடிக்கு அது ஒத்தடம்.

மற்ற மெஷின்களை அளக்க மீட்டரைக் கடைக்கு எடுத்துப் போக வேண்டும். கம்பெனிப் பொருள் வெளியே போனால் கேட்டில் பாஸ் காட்ட வேண்டும். பாஸில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. தயாளன் அண்ணன் பேனாவை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, "வெளி ஆய்வு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இப்போது மறுபடியும் காதர் பாய் கடைக்கு வாருங்கள். அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறார். நான் ஒவ்வொரு மெஷினிலும் தகட்டின் இந்த முனை, நடு, அந்த முனை என்று மூன்று இடத்தில் அளந்துகொண்டிருக்கிறேன்.

தங்கக் கலரில் எண் ஒளிர்கிற மெஷின் ஒன்று. நடுவில் இருநூற்று முப்பது, முனையில் நூற்று எழுபது. முடியின் பாதி நேராகி மீதி சுருண்டே இருக்கும். சீப்பு வடிவத்தில் ஒன்று. என் முடிக்குள் போனால் அது திரும்பி வராது. மூன்றாவது இருநூற்று அறுபதுக்குப் போய்விட்டு இறங்க மறுத்தது. கடைசியாக மூலையில் கிடந்த ஒரு கறுப்பு மெஷின். பார்க்க இடுக்கி மாதிரி. அகலத் தகடு. இருநூற்றுப் பத்தில் வைத்தால் மூன்று இடத்திலும் இருநூற்றெட்டு. திருகைக் குறைத்தால் ஒழுங்காக இறங்கியது.

"இது ஒரு வருசமா யாரும் தொடாத பீசு" என்றார் பாய். "நல்லாக்குதுன்னு நீ எழுதிக் குடு. பழச எடுத்துக்கினு இத்த தரேன்."

அங்கேயே ஒரு தாளில் எழுதி, அளந்த எண்களைப் போட்டு, தேதியும் கையெழுத்தும் இட்டுக் கொடுத்தேன். அவர் அதைக் கல்லாவுக்கு மேல் ஒட்டிக்கொண்டார்.

மேடையில் கால் மணி நேரம்

மூன்றாவது மாதத்தின் கடைசி நாள். காய்ந்த முடியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து, ஒரே இழுப்பாக இழுத்து, காற்றில் ஆறவிட்டேன். கண்ணாடியில் வேறு யாரோ நின்றாள். கொண்டை பாதியாகியிருந்தது. ஜெயந்தி அக்கா வாசலுக்கே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மேடைக்குக் கீழே ஹெல்மெட்டைப் போட்டேன். புருவத்துக்கு மேல் கச்சிதமாக உட்கார்ந்தது. குனிந்தேன், ஆட்டினேன். அசையவில்லை. தயாளன் அண்ணன் கை தட்டினார்.

"சரி. மேடையில கால் மணி நேரம் நின்னுட்டு வந்து மறுபடி காட்டும்மா" என்றார் சார்.

டெஸ்டில் இப்படி ஓர் இரண்டாம் பாதி இருப்பதே எனக்குத் தெரியாது. முதல் பாதியைத் தாண்டியவர்களிடம் மட்டும்தான் அதைச் சொல்வாராம்.

ஏறினேன். இரும்புப் படிகள் காலணிக்குள்ளேயே சுட்டன. ஃபர்னஸ் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. கண் கூசாமல் பார்க்க, பெஞ்சலய்யா நீலக் கண்ணாடியை நீட்டினார். அதை வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தேன். மூன்று வருடமாக நான் எண்களாகப் படித்துக்கொண்டிருந்தது அங்கே கொதித்துப் புரண்டுகொண்டிருந்தது. கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவே மனம் வரவில்லை. முடி என்று ஒன்று இருப்பதையே மறந்துவிட்டேன்.

கழுத்தில் வியர்வை இறங்கியது. பிறகு உச்சந்தலையில் ஏதோ நகர்ந்தது. பொங்கிய மாவு மூடியைத் தூக்குகிற மாதிரி, ஹெல்மெட் மெதுவாக மேலே எழ ஆரம்பித்தது. கையால் அழுத்தினேன். கையை எடுத்தால் எழுந்தது.

கீழே வந்து குனிந்தேன். அது விழுந்து உருண்டது. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சௌந்தரராஜன் சார் நோட்டைத் திறந்தார். "என்னம்மா, முடியை இன்னும் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"மூணு மாசமா முடியத்தான் சார் மாத்திக்கினு கீறேன். பொழுது விடியறதுக்கு முன்ன எழுந்து சுட்டுக்கினு கீறேன். நீங்க ஒரே ஒரு தடவ இந்த ஹெல்மெட்ட மாத்திப் பாத்தீங்களா?"

சொன்ன பிறகுதான் அது எனக்கே உறைத்தது. முடி என்னுடையது, அதனால் தப்பும் என்னுடையது என்றே நான் நினைத்திருந்தேன். ஐந்து மெஷின்களைத் தகடு தகடாக அளந்தவள், ஹெல்மெட்டை அளந்து பார்க்கவில்லை.

"ஸ்டோர்ல ஒரே சைஸ்தாம்மா. எல்லாரும் அதைத்தானே போடறாங்க" என்றார் அவர்.

பெஞ்சலய்யா தன் ஹெல்மெட்டைக் கழற்றித் திருப்பிக் காட்டினார். உள்ளே நான்காக மடித்த தெலுங்குப் பேப்பர்.

"போடுறோம் சார். இப்டித்தான் போடுறோம். தயாளா, நீயும் காட்டு நைனா."

தயாளன் அண்ணன் தயங்கித் தயங்கிக் கழற்றினார். உள்ளே பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச். கிரேன் ஓட்டுகிறவர் தன்னுடையதைத் திருப்பினார். அவருக்குப் பெரிய தலை. உள்ளே இருந்த பட்டையைப் பாதி வெட்டி எடுத்திருந்தார். அதற்குப் பிறகு எல்லோரும் சாரையே பார்த்தோம்.

அவர் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டார். பிறகு வெள்ளை ஹெல்மெட்டைக் கழற்றினார். முழு வழுக்கை. ஹெல்மெட்டுக்குள் ஒரு துண்டு, நன்றாகத் துவைத்து மடித்தது.

"எனக்குத் தலை சின்னது" என்றார், யாரையும் பார்க்காமல்.

நோட்டில் என் பெயருக்கு எதிரே 'ஃபெயில்' என்று எழுதினார். அப்புறம் என் பெயரை அடித்துவிட்டு அந்த இடத்தில் 'ஹெல்மெட்' என்று எழுதினார்.

மேனேஜரிடம் அவரே போய்ப் பேசி, என் டெஸ்டுக்கும் டைம் நீட்டி வாங்கினார். இரண்டு வாரத்தில் மூன்று அளவுகளில் ஹெல்மெட்டுகள் வந்து இறங்கின. அன்று நான் கறுப்பு மெஷினைத் தொடவே இல்லை. அது இப்போது ஊரில் அம்மாவிடம் இருக்கிறது, புடவைக் கொசுவத்தை அதில்தான் அழுத்துகிறாள். வழக்கம்போல எண்ணெய் வைத்து, முழுக் கொண்டை போட்டுக்கொண்டு போனேன்.

அட்டைப் பெட்டியைப் பிரித்ததும் முதலில் சின்ன சைஸை எடுத்துப் போட்டுக்கொண்டவர் சௌந்தரராஜன் சார்தான். துண்டு இல்லாமல். எங்கள் எல்லோர் முன்னாலும் விரல் ஷூவைத் தொடும்வரை குனிந்து, தலையை மூன்று முறை ஆட்டினார். ஹெல்மெட் அசையவில்லை. தேவைக்கு மேல் ஒன்றிரண்டு தடவை அதிகமாகவே ஆட்டிப் பார்த்துக்கொண்டார்.

நிமிர்ந்து, பெரிய சைஸ் ஒன்றை என் கையில் கொடுத்தார். கொண்டையோடு மாட்டினேன், குனிந்தேன், ஆட்டினேன். மேடையில் கால் மணி நேரம் நின்றுவிட்டு வந்து மறுபடியும் குனிந்தேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

"மேல போம்மா. இரும்பு ரெடியா இருக்கு."

போனேன். இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிறேன்.